எட்டாவது பிடி மண்

மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் சௌகத் அலியின் டிடிபி கடை. அதில் பதினோரு வருஷமாக டைப் அடிக்கிறவள் சத்யபிரியா. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, வீடு வாடகைக்கு, நாய் காணவில்லை, எதுவானாலும் அவள் விரல் வழியாகத்தான் வெளியே போகும். பத்திரிகை அடிக்கிறவர்களுக்கு ஒரு சங்கதி தெரிந்துவிடும். தலைப்பில் ‘துணை’ என்று போட ஒரு சாமி பெயர் கேட்பார்கள் இல்லையா, அதற்கு வருகிற பதிலிலேயே ஆள் எந்த ஊர், எந்தத் தெரு, என்ன ஜனம் என்பது பாதிக்கு மேல் வந்துவிடும். மீதியைப் பக்கத்தில் நிற்கிறவர் பேச்சுக் கொடுத்து வாங்கிக்கொள்வார். சாதி கேட்பது அநாகரிகம் என்று படித்தவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து, குலதெய்வம் கேட்பது நம்மிடையே மகா நாகரிகமாகிவிட்டது.

சத்யபிரியாவிடம் கேட்டால் “திருப்பதி” என்பாள். ஏழுமலையானைத் தாண்டி யாரும் துருவ மாட்டார்கள். நிஜத்தில் அவளுடைய தெய்வம், மதுராந்தகம் பக்கம் ஒரு காலனியில் ஓடை ஓரமாக நட்டிருக்கும் ஒன்றரை அடிக் கல். ஓடைக்கரையம்மன் என்று பெயர். ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு தார் ரோடு போகிறது. ஊர்த் தேர் அந்த ரோட்டைப் பார்த்ததும் வண்டி பழுதானதுபோலத் திரும்பிவிடும். அந்த அம்மன் பெயரைச் சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஒரு நொடி ஏதோ அசையும் பாருங்கள், அது சத்யபிரியாவுக்கு மனப்பாடம். அந்த ஒரு நொடிக்குப் பயந்துதான் பதினோரு வருஷத் திருப்பதி.

இப்படி இருந்தவளை உண்மை பேச வைத்தவர் ஹரிபிரசாத். கேளம்பாக்கத்தில் பதினான்காவது மாடியில் குடியிருக்கிற சாஃப்ட்வேர்காரர். கம்பெனி அவரை மூன்று வருஷம் டென்மார்க்குக்கு அனுப்பியது. அங்கே ஏசுவுக்கு முந்தைய பழைய சாமிகளைத் திரும்பக் கும்பிடுகிற கூட்டம் ஒன்று உண்டு. இடிக்கு ஒரு சாமி, ஒற்றைக் கண்ணோடு ஒரு சாமி, காட்டுக்குள் பூசை, மாட்டுக் கொம்பில் தேன் கள். நம்ம ஊர் எல்லைச் சாமி மாதிரியே இருக்கிறதே என்று ஹரிக்கு ஒரே பரவசம். முரட்டுத் துணியில் அங்கி தைத்துக்கொண்டார், கொம்பையும் விலைக்கு வாங்கினார். பெரிய பூசை அன்றைக்குப் பார்த்தால், கம்பு நட்டுக் கயிறு கட்டி எல்லாரும் உள்ளே போகிறார்கள். இவரிடம் மட்டும் தலைவர் தேனாகப் பேசினாராம்: இந்தத் தெய்வங்கள் ரத்த வழியில் வருபவை, உங்கள் தெய்வங்கள் உங்கள் மண்ணில் இருக்கின்றன, நீங்கள் கயிற்றுக்கு வெளியே நில்லுங்கள், அது மரியாதைக்குரிய விருந்தாளியின் இடம். சொல்லிவிட்டுக் கையில் கேமராவையும் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் பனியில் நின்று அவர்களைப் படம் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார் மனுஷன்.

ஊர் திரும்பிய வேகத்தில் ‘ஆதித்தடம்’ என்று ஒரு வட்டம் தொடங்கினார். கோயில் இல்லை, பூசாரி இல்லை, சாதி இல்லை, மண் மட்டுமே என்பது கொள்கை. அவரோடு சேர்த்து மொத்தம் ஏழு பேர். அவர்களில் முக்கியஸ்தர் சிட்லபாக்கம் பக்தவச்சலம், ரிடையரான பேங்க் மேனேஜர். காலையில் ஏரியைச் சுற்றுவார், மிச்ச நேரத்தில் ஏதாவது ஒரு சங்கத்துக்குச் செயலாளராக இருப்பார். கூட்டம் கூடும்போதெல்லாம் ஹரி அந்த டென்மார்க் கதையைச் சொல்லுவார். ‘கயிறு’ என்ற இடம் வந்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் கொடுப்பார்கள்.

அந்தக் கதையைப் புத்தகமாகப் போடத்தான் சத்யபிரியாவிடம் வந்தார். எத்தனையோ கண்ணீர் அஞ்சலி அடித்தும் ஈரமாகாத கண், ஹரியின் கயிற்றுப் பத்தியை அடிக்கும்போது கலங்கிவிட்டது. டென்மார்க் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. கயிற்றுக்கு வெளியே நிற்பது நன்றாகத் தெரியும். பிரிண்ட் கொடுக்கும்போது, நானும் வரலாமா சார் என்று கேட்டுவிட்டாள். “இன்னாக்கா இப்படிக் கேட்டுட்டீங்க, உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான் இதையே ஆரம்பிச்சேன்” என்றார் ஹரி. உங்கள மாதிரி என்றால் எந்த மாதிரி என்று அப்போது அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நாலு மாதம் ஞாயிறு தவறாமல் போனாள். நோட்டீஸ் எல்லாம் அவளே அடித்துக் கொடுத்தாள். பிறகு வட்டத்துக்கு ஒரு திட்டம் உதித்தது. மாடம்பாக்கத்தில் பக்தவச்சலத்துக்கு ஒரு காலி மனை, அதில் ஒரு வேப்பமரம். நம் ஜனங்கள் பிழைக்கப் போன இடத்தில் குலதெய்வத்தை வைக்க, பழைய இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துவந்து புதைப்பார்கள் அல்லவா, அந்தப் பிடிமண் வழக்கப்படி ஒவ்வொருவரும் மண் கொண்டுவந்து மரத்தடியில் ஒரே குழியில் போட்டு, பொதுவான ஆதித் தெய்வத்தை எழுப்புவது. அதற்கு ஒரு படிவம். படிவத்தை அடித்தவளும் சத்யபிரியாதான். ஏழு பேர் பூர்த்தி செய்து கொடுத்ததில் ஏழு தெய்வங்களும் சங்க காலத்துக்குப் பதவி உயர்வு பெற்றிருந்தன. பக்தவச்சலத்தின் மகளுடைய கல்யாணப் பத்திரிகைத் தலைப்பில் சாதாரணப் பச்சையம்மனாக இருந்த தெய்வம், படிவத்தில் ‘பசுங்காட்டுக் கொற்றவை’ ஆகிவிட்டது. எட்டாவது படிவத்தின் முன்னால் சத்யபிரியாவின் விரல் ரொம்ப நேரம் நின்றது. கடைசியில் ஓடைக்கரையம்மன் என்றே அடித்தாள், ஊரோடு காலனியோடு. அடித்துவிட்டு ஏதோ பாரம் இறங்கினாற்போல ஒரு டீ குடித்தாள்.

மண்ணுக்காக லீவு போட்டு பஸ் பிடித்துப் போனாள். ஓடைக்கரையில் கற்பூரம் ஏற்றி, மஞ்சள் துணியில் ஒரு பிடி முடிந்துகொண்டு வந்தாள். ஹரியின் மண் ஆரணியிலிருந்து அவர் சித்தப்பா அனுப்பிக் கூரியரில் வந்தது. பக்தவச்சலம் டிரைவரை அனுப்பி எடுத்துவரச் சொன்னார்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு பக்தவச்சலம் கடைக்கு வந்து ஒரு தாளைக் கொடுத்தார். யார் எங்கே நிற்பது, எந்த மண் எங்கே போவது என்ற வரைபடம், விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அறுபது காப்பி வேண்டும். நடுவில் ஒரு வட்டம், அதில் ஏழு புள்ளிகள், ஏழு பெயர்கள். மனையின் கேட்டுக்கு வெளியே, சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் எட்டாவது புள்ளி. ‘காவல் தெய்வம், ஓடைக்கரையம்மன்’. சத்யபிரியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் உற்சாகமாக விளக்கினார். காவல் என்றால் சாமானியமா, உள்ளே இருக்கிற ஏழு பேரையும் காப்பாற்றுகிற பொறுப்பு, உங்களவங்க காலங்காலமா செஞ்சதுதானே, எல்லாரும் பேசி ஒருமனதாக முடிவெடுத்தோம் என்றார். அந்த எல்லாரிலும் தான் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முதலில் அவமானமாக இருந்தது, நெஞ்சு எரிகிற அவமானம். ஆத்திரம் அதற்கப்புறம்தான் வந்தது.

அவர் போனதும் சௌகத் அலி எட்டிப் பார்த்தார். பத்து வருஷத்துக்கு மேல் ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவர்கள், அவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தொழில் ரகசியம் ஒன்றைச் சொன்னார்: “பெரியவரு ப்ரூஃப் படிக்கவே மாட்டாரு, கையெழுத்து மட்டும் போடுவாரு. அந்தப் புள்ளிய நீ உள்ள நகத்திடு. அறுபது காப்பி கையில இருந்தா அதான் சட்டம்.”

யோசனை நல்ல யோசனைதான். சத்யபிரியாவின் கை மவுஸ் வரைக்கும் போகவும் போனது.

“வேணாம் பாய்,” என்றாள். “பதினோரு வருஷமா நான் ஒளிச்சு வச்சது போதும். திருட்டுத்தனமா உள்ள போனா எங்கம்மனுக்கு அசிங்கம். நான் கேட்டுப் பாக்கறேன்.”

எட்டாவது புள்ளியை இருந்த இடத்திலேயே வைத்து அறுபது காப்பியும் அடித்தாள்.

பகலும் இரவும் சரிசமமாக இருக்கும் நாளில் விழா என்று முதலில் முடிவு செய்திருந்தார்கள். அந்தச் சமநாள் வியாழக்கிழமை வந்து தொலைத்ததால், ஆபீஸ் போகிறவர்கள் சௌகரியத்துக்காகச் சமத்துவத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். காலை ஏழு மணிக்கே மாடம்பாக்கம் மனையில் கூட்டம். மரத்தடியில் குழி, சுற்றிக் கோலமாவில் வட்டம். ஹரி அந்த டென்மார்க் அங்கியில் வந்திருந்தார். மார்ச் மாத வெயிலில் பார்க்கவே பாவமாக இருந்தது. கதையைச் சொன்னார். கயிறு வந்தது, தொண்டை அடைத்தது, தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு பெயர் படிக்கப் படிக்க ஏழு பேரும் வந்து மண்ணைக் குழியில் போட்டார்கள். எட்டாவதாக சத்யபிரியாவைக் கூப்பிட்டு, கேட் பக்கம் கையைக் காட்டினார் பக்தவச்சலம்.

அவள் கேட் பக்கம் போகவில்லை. கோலமாவுக்கு இந்தப் பக்கம் நின்று ஹரியிடம் கேட்டாள்.

“சார், அந்தத் தலைவர் உங்கள வெளில நிக்கச் சொன்னப்ப, அது கௌரவமான இடம்னுதானே சொன்னாரு?”

ஆமாம் என்றார் ஹரி.

“உங்களுக்கு அது கௌரவமா இருந்துச்சா?”

ஹரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். “அக்கா, அது இனவெறி. இது மரபு. ரெண்டும் வேற வேற,” என்றார்.

“உங்களுக்கு நடந்தா வெறி. நீங்க நடத்துனா மரபா சார்?”

பக்தவச்சலம் சமாதானத்துக்கு வந்தார். தனக்கு ஒன்றுமில்லை, தன் பேரனே காலனிப் பையனோடுதான் கிரிக்கெட் ஆடுகிறான், ஆனால் தெய்வங்களுக்கென்று ஒரு வரிசை இருக்கிறதே, அதை நாம் எப்படி மாற்றுவது என்றார். ஜனநாயகமாக ஒரு ஓட்டெடுப்பு வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். ஓடைக்கரையம்மன் உள்ளே வரலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் ஹரி. ஒரு கையும் எழவில்லை. வரக் கூடாது என்பவர்கள் தூக்குங்கள் என்றார். அதற்கும் எழவில்லை. கெட்ட பேர் வாங்க ஒருத்தருக்கும் மனசில்லை. சிலர் செல்போனைப் பார்த்தார்கள், ஒருத்தர் இட்லி வந்துவிட்டதா என்று விசாரிக்கப் போனார்.

சத்யபிரியாவுக்கு அழுகை முட்டியது. நாலு மாதமாக இந்த முகங்களைத்தான் தன் மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கோலமாவைத் தாண்டிப் போய், குழி முன்னால் உட்கார்ந்தாள். மஞ்சள் துணியை அவிழ்த்து மண்ணைக் கொட்டினாள். கொட்டியதோடு விடவில்லை. இரண்டு கையையும் விட்டு, மாவு பிசைகிற மாதிரி அடிமண் மேலே வர நன்றாகப் பிசைந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. மேல்மண்ணை மட்டும் வழித்து எடுக்கலாம் என்றார் ஒருவர். வழித்தால் அதோடு தன் கொற்றவையும் போய்விடுவாளே என்று பதறினார் பக்தவச்சலம். ஹரி முழங்காலிட்டு, ஆரணி மண் சிவப்பாக இருக்கும் என்று குழிக்குள் தேடினார். கூரியர் கவர் மட்டும் கையில் வந்தது. கடைசியில், இந்த இடம் சரியில்லை, அவரவர் தெய்வத்தை அவரவர் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவது என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. இந்தத் தடவை உண்மையிலேயே ஒருமனதுதான். தண்ணீர் பாட்டிலை அறுத்தும் இட்லி டப்பாவைக் காலி செய்தும் ஏழு பேரும் ஆளுக்கு ஒரு பிடி அள்ளிக்கொண்டார்கள். குழி காலியாயிற்று.

சத்யபிரியா செருப்பைப் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் வந்தாள். அங்கே பக்தவச்சலம் பாட்டிலோடு காருக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“சார்,” என்று நிதானமாகச் சொன்னாள். “அதுல எங்கம்மனும் வர்றா. உங்க ஏழு பேர் வூட்டுக்கும் வர்றா. வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு வச்சுடுங்க. வைக்கலன்னா ரொம்பக் கோவக்காரி.”

பக்தவச்சலம் பாட்டிலைப் பார்த்தார். கொட்டலாம் என்றால் அதில் அவருடைய பச்சையம்மன் இருக்கிறாள். கொண்டுபோகலாம் என்றால் ஓடைக்கரையம்மனும் கூடவே பூசையறைக்கு வருவாள். பின்னால் ஹரியும் மற்றவர்களும் டப்பாக்களோடு அப்படியே நின்றுவிட்டார்கள். கார்க் கதவு திறந்தபடி இருந்தது, யாரும் ஏறவில்லை. சத்யபிரியா கையைக்கூடக் கழுவாமல் மெயின் ரோட்டுக்கு நடந்து, தாம்பரம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.