அனுமதி மட்டும்தான் வாங்கினீர்கள்!

போன வாரம் எதிர் வீட்டுக் கலா மொபைலை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"அக்கா, விளையாட்டை மூடப் போறாங்களாம். ஒரு லெட்டர் எழுதணும்."

எனக்குப் புரியவில்லை. விளையாட்டை எப்படி மூடுவார்கள்?

கலாவின் கணவர் ராஜேந்திரன் சவுதியில் கிரேன் ஓட்டுகிறார். இங்கே திருக்கோகர்ணத்தில் கலா தனியார் பள்ளி ஒன்றில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். இருவரும் மொபைலில் ஒரு விவசாய விளையாட்டு ஆடுகிறார்கள். அவர் அங்கிருந்து உழுவார். இவள் இங்கிருந்து விதைப்பாள். கிணறு, மாடுகள், ஓட்டு வீடு... எல்லாம் உண்டு. பாதி உழைத்துச் சேர்த்தது. மீதி, காசு கொடுத்து வாங்கியது.

"இதுக்குப் போய் லெட்டரா?" என்றேன்.

"போன்ல பேசுனா சண்டைதான்க்கா வரும். ஒங்க அம்மா, எங்க அண்ணன்னு போயிரும். இந்த வயக்காட்டுல நின்னாத்தான் நல்லா பேசிக்கிருவோம்."

விளையாட்டுக் கம்பெனிக்கு மெயிலில் லெட்டர் எழுதினோம். காசு கொடுத்து வாங்கியதை எப்படிப் பறிக்கலாம் என்று நியாயமாகத்தான் கேட்டிருந்தோம்.

உடனே பதில் வந்தது. ரொம்ப மரியாதையான பதில். 'நீங்கள் பொருள் எதையும் வாங்கவில்லை. பயன்படுத்தும் அனுமதியைத்தான் வாங்கினீர்கள். முதல் நாளே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்.'

"கட்டில் வாங்குனா, கடையை மூடுறப்ப வந்து கட்டிலைத் தூக்கிட்டுப் போவாங்களாக்கா?" என்றாள் கலா.

போக மாட்டார்கள். ஆனால் இந்த வியாபாரத்தில் போகலாம். ஆட்டத்தை இலவசமாகக் கொடுத்துப் பழக்குவது, பிறகு உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக விற்பது, லாபம் குறைந்தால் சர்வரை அணைப்பது... இதுதான் நடைமுறை. கொடுமை என்னவென்றால், மூடும் அறிவிப்பு வருவதற்கு முந்தின நாள்கூட 'இரண்டு மாடு வாங்கினால் ஒன்று இலவசம்' என்று விற்றிருக்கிறார்கள். இவளும் வாங்கியிருக்கிறாள்!

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. சவுதியில் அவருக்கு லீவு. எங்கள் வீட்டு வைஃபை நன்றாக இருக்கும் என்று கலா இங்கேயே வந்துவிட்டாள். ஸ்பீக்கரில் ராஜேந்திரன்.

"கலா, மாட்டையெல்லாம் அவுத்து விட்ரு."

"விட்டுட்டேங்க. எல்லாம் அங்கிட்டு ஓடைப் பக்கம் போகுது."

"கத்தரிக்காயப் பறிச்சுட்டியா?"

"பறிச்சு என்ன பண்ண? இருக்கட்டும்."

சொல்லி வாய் மூடவில்லை, திரை வெளுத்தது. வயலைக் காணோம். அந்த இடத்தில் அதே கம்பெனியின் புது விளையாட்டுக்கு விளம்பரம்!

லைனும் கட்டாகிவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். கலா மொபைலையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"கலா..." என்றார் அவர். "கான்ட்ராக்ட் முடியப் போகுது. நீட்டிக்கவான்னு கேக்குறாங்க. ஒரு மாசமா ஒங்கிட்ட சொல்ல நெனச்சு, சொல்லாமயே இருந்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"வயக்காட்டுல நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தோம். எதுக்குக் கெடுக்கணும்னு..."

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். கதவு என்ன, காதை மூடவா செய்யும்? முதலில் சண்டைதான் கேட்டது. அவர் அம்மா வந்தார், இவள் அண்ணன் வந்தார். கலா அழுதாள். அப்புறம் குரல்கள் இறங்கின. வெகு நேரம் பேசினார்கள்.

கலா சமையலறைக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. முகம் தெளிவாக இருந்தது.

"நீட்டிக்கலக்கா. தை பொறந்ததும் வாரேன்னு சொல்லிட்டாரு. இங்கிட்டே கிரேன் வேலை பாக்கலாமாம்."

இதற்காக அந்தக் கம்பெனிக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. அவர்கள் கணக்குப் பார்த்து மூடினார்கள். இவர்கள் மனம் விட்டுப் பேசினார்கள். இரண்டும் வேறு வேறு.

நேற்று மொபைலில் வேறொரு ஆப் இறக்கினேன். இந்த முறை விதிமுறைகளை விடாமல் படிப்பது என்று உட்கார்ந்தேன். காபி ஆறிப்போனது. பாதிகூட வரவில்லை.

'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டிவிட்டேன். வேறு பட்டன் எங்கே வைத்திருக்கிறார்கள்?