மத்தியானக் கிளாஸில் தூங்கியவன் குறைத்த குளோரின்

ராஜபாளையம் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் நான் குடிநீர் ஃபில்டர் ஆபரேட்டராக இருந்தேன். ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்தால் அங்கே இன்னும் சிரிக்கிறார்கள்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு மதுரையில் ஒருநாள் டிரெயினிங் போட்டார்கள். காலையில் பேசியவர் பயமுறுத்திவிட்டார். மலைத் தண்ணீரில் இலை மக்கிய சாறு இருக்கும். அதோடு குளோரின் சேர்ந்தால் டிரைஹாலோமீத்தேன் என்ற பை-புராடக்ட் உண்டாகும். அளவுக்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் புற்றுநோய் வாய்ப்பு கூடலாம் என்றார். எங்கள் தண்ணீரோ மழைக்காலத்தில் டீ நிறத்தில்தான் வரும். பயத்தில் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் மத்தியானச் சாப்பாட்டில் மூன்று தடவை பாயசம் வாங்கினேன்.

மறுநாள் யாரையும் கேட்காமல் குளோரின் டோஸைப் பாதியாக்கினேன். ஊரையே காப்பாற்றிவிட்ட நினைப்பு எனக்கு.

டெயில் எண்ட், அதாவது பைப் லைன் முடியும் கடைசித் தெருவில், ராமலட்சுமி அக்காவின் இட்லிக் கடை. பிளீச்சிங் வாடை என்று என்னைத் தினமும் திட்டுபவர். அன்று அவரே கூப்பிட்டு, “ஏ தம்பி, இன்னைக்குத்தாம்ப்பா தண்ணி தண்ணியா இருக்கு. இம்புட்டு நாளும் என்ன செஞ்சுக்கிட்டு இருந்த?” என்று இரண்டு இட்லி கூடுதலாக வைத்தார். அந்தச் சந்தோஷத்தில் கடைசிக் குழாயில் குளோரின் டெஸ்ட் எடுப்பதையே விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை கடை பூட்டிக் கிடந்தது. அக்கா வயிற்றுப்போக்கோடு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில். தெருவில் இன்னும் நாலு பேர் படுக்கை. குழாய்த் தண்ணீரைப் பிடித்து டெஸ்ட் மருந்தைச் சொட்டினேன். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். ஆகவில்லை. நேராக ஆபீசுக்கு ஓடி நடந்ததைச் சொன்னேன்.

உதவிப் பொறியாளர் மேடம் என் மகள் வயதுக்காரர். “அண்ணே, என்னைக்கோ வரலாங்கிற நோய்க்குப் பயந்து, இன்னைக்கே வாற நோய உள்ள விட்டுட்டீகளே! அந்தக் கிளாஸ் நோட்டக் காட்டுங்க.”

காலைப் பாடம் எட்டுப் பக்கம், முத்து முத்தாக. மத்தியானப் பாடம் ஒரே வரி. அதுவும் பாதியில் கோடாக இழுத்துக்கொண்டு போயிருந்தது.

“இதுக்குப் பொறவுதான் என்ன செய்யணும்னு சொல்லியிருப்பாக,” என்றார் மேடம்.

குறைக்க வேண்டியது குளோரினை அல்ல, அதோடு சேருகிற இலைச் சாற்றை. டோஸை அன்றே பழையபடி ஏற்றினோம். படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணல் ஃபில்டரைக் கழுவி, தொட்டி வண்டலை வாரினோம். ஃபில்டருக்கு முன்னால் போட்ட குளோரினைப் பின்னால் மாற்றினோம். பிறகு குறைந்த குளோரினிலேயே கடைசிக் குழாய் டெஸ்டில் மஞ்சள் நின்றது.

ஆஸ்பத்திரியில் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். “நான் வஞ்சதுனாலதான் மருந்தக் கொறச்சியோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிட்டதுப்பா. நீ தூங்குனதாலயா? நல்லாயிருப்ப, போ!” அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: டோஸில் கை வைத்தால் கடைசிக் குழாய் வரை நடந்துபோய்ப் பாருங்கள். நான் ஓய்வு பெறும் வரை போனேன். அக்காவும் தினமும் ஒரு டம்ளர் பிடித்து முகர்ந்து பார்ப்பார்.

“லேசா வாடை வருதுப்பா. முழிச்சுத்தான் இருக்க!”