பதினொரு பேருக்கு மறுதேர்வு

பூபாலன் அன்பரசி, பிறப்பு 1984, மதுராந்தகம். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய குதிரையேற்றப் பள்ளி ஒன்றில் சிறுவர்களுக்கான பயிற்றுநர்.

பெற்றோர் பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். பன்னிரண்டாம் வகுப்பை முடித்த அன்பரசி, மறைமலைநகரில் மோட்டார் உதிரிப்பாக ஆலையொன்றில் தரப் பரிசோதகராக ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார். ஒரு பாகம் பழுதெனத் தெரிந்தால் அன்றைய பெட்டிகள் அனைத்தையும் திரும்ப வரவழைப்பது அங்கே விதி. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதபோது, லாயம் கூட்டும் வேலைக்கு இப்பள்ளிக்கு வந்தார். வேலை முடிந்த பின் ஏறிப் பழகினார். மூன்று முறை விழுந்தார். ஒரு முறை தோள் எலும்பு முறிந்தது. நான்காம் ஆண்டில் பயிற்றுநரானார்.

பள்ளியில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில் மட்டக்குதிரையைப் பயிற்றுநர் கயிறு பிடித்து நடத்துவார். குழந்தை நிமிர்ந்து உட்காரக் கற்கும். இரண்டாம் நிலையில் கயிறு கிடையாது. குழந்தையே லகானைப் பிடித்து நடத்தவும் திருப்பவும் நிறுத்தவும் வேண்டும். மூன்றாம் நிலைக்குப் பெரிய குதிரை, மெல்லோட்டம், இறுதியில் கடற்கரைச் சவாரி.

2024 டிசம்பரில் இரண்டாம் நிலைத் தேர்வில் அன்பரசி பதினொரு குழந்தைகளுக்குத் தேர்ச்சி அளித்தார். அனைவரும் ஏறியது பொரி என்னும் வெள்ளை மட்டக்குதிரையில். கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளை அதில் ஏற்றி நடத்திவந்த மீனவக் குப்பத்து நீலமேகம், குதிரையைப் பள்ளிக்கு விற்றபின் தாமும் அங்கேயே பணிக்குச் சேர்ந்திருந்தார். தேர்வன்று அவர் விடுப்பில் இருந்தார். மறுநாள் செய்தி கேட்டுச் சிரித்தார்.

“பதினொண்ணும் பாஸா? ஒண்ணுகூட வேலில முட்டிக்கல?”

“இல்லண்ணா. கரெக்டா திருப்புனாங்க.”

“யாரு, பசங்களா? போம்மா! எட்டு வருசமா நூறு தப்படி போய்த் திரும்புனாதான் அதுக்கு வெல்லம். தானா திரும்பிக்கினு வந்திருக்கும். நம்பலியா, தவுட்டு மூட்டைய ஏத்தி வுடு.”

மைதானத்தின் நீளமும் ஏறக்குறைய நூறு தப்படிதான். அன்பரசி சேணத்தின்மேல் தவிட்டு மூட்டையைக் கட்டி விட்டார். பொரி வேலிவரை நடந்தது, தானே திரும்பியது, நீலமேகத்தின் அருகில் வந்து நின்றது.

“பன்னெண்டாவது ஆளும் பாஸு,” என்றார் அவர்.

அன்பரசி சிரிக்கவில்லை. ஜனவரியில் அந்தப் பதினொருவரும் பெரிய குதிரைகளில் ஏற வேண்டியவர்கள். அவை தாமாகத் திரும்பா. அன்றே உரிமையாளர் ஹரிகிருஷ்ணனிடம் சென்று, அனைவருக்கும் மறுதேர்வு வேண்டும் என்றார்.

“மெடல் குடுத்து ஃபோட்டோவும் எடுத்தாச்சு. பேஜார் பண்ணாதம்மா. போகப் போகக் கத்துப்பாங்க.”

“பெரிய குதிரை மேலயா சார்? தப்பு என்னுது. பேரன்ட்ஸ் கிட்ட நானே பேசறேன்.”

“பேசு. பாதிப் பேரு நின்னுட்டா உனக்கு கிளாஸே இருக்காது. அதையும் யோசி.”

“யோசிச்சுட்டுதான் சார் வந்தேன்.”

பதினொரு வீடுகளுக்கும் அவரே தொலைபேசியில் தெரிவித்தார். மூன்று குடும்பங்கள் விலகிக்கொண்டன. ஒன்பது வயது ஸ்வாதியின் தாய் நேரிலேயே வந்தார்.

“பாஸுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப குதிரைதான் பாஸுன்னா இன்னா அர்த்தம்?”

“நான் சரியா பாக்கலங்க. வேற குதிரையில ஒரு வாட்டி பாருங்க.”

ஸ்வாதி ஒரு பழுப்பு மட்டக்குதிரையில் ஏறினாள். அது நேராகச் சென்று, வேலிக்கு வெளியே தலையை நீட்டிப் புல் மேயத் தொடங்கியது. சிறுமி இரண்டு கைகளாலும் இழுத்தாள், குதிரை மென்றுகொண்டே நின்றது. தாய் அடுத்த ஞாயிறும் மகளை அழைத்துவந்தார்.

அன்பரசி பாடத்தை முதலிலிருந்து தொடங்கினார். திரும்பும் இடத்தைக் குழந்தை முன்னதாகத் தேர்ந்து உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு பார்வை, பிறகு கை, கடைசியில் கால். ஒரு வாரம் திரும்பிய இடத்தில் மறுவாரம் திரும்பக் கூடாது. ஏழு குழந்தைகள் பிப்ரவரிக்குள் தேறினர். ஸ்வாதிக்குக் கை முந்திக்கொண்டே இருந்தது.

“பொரியவே குடுங்க மிஸ்,” என்று அழுதாள்.

“தரமாட்டேன். எங்க திரும்பணும்னு உனக்கே தெரியலன்னா அது இன்னா பண்ணும், பாவம்? மறுபடி போ.”

மறுபடி போனாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள். மார்ச் இரண்டாம் வாரத்தில், “அந்த நீல டிரம்கிட்ட,” என்று சொல்லிவிட்டு, டிரம்முக்கு இரண்டு தப்படி முன்னதாகவே பழுப்புக் குதிரையைத் திருப்பினாள். வளைவு சற்று அகலம்தான். ஆயினும் திருப்பியவள் அவள். அன்பரசி இன்னொரு முறை, எதிர்ப்பக்கமாகத் திருப்பச் சொன்னார், பார்த்தார், எட்டாவது தேர்வுத் தாளில் கையெழுத்திட்டார். நாள்: 2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை.