எப்போதும் பன்னிரண்டாவது

இஸ்திரி போடும் மேசையில் ஸ்டியரிங்கைத் திருகி இறுக்கியதும் டிரைவிங் டீச்சர் முதலில் செய்வது, இல்லாத சீட் பெல்ட்டைத் தோளுக்கு மேலிருந்து இழுப்பது. கை பாதி வழி வந்த பிறகுதான், தான் உட்கார்ந்திருப்பது சாப்பாட்டு மேசை நாற்காலி என்பது அவருக்கு உறைக்கும். வந்த கையை வீணாக்காமல் காதோரத்து முடியை ஒதுக்கிக்கொள்வார். காலடியில் மூன்று பெடல்கள். அழுத்த அழுத்த அவை பின்னால் நகர்ந்துவிடாமலிருக்கத் துணி சுற்றிய இரண்டு செங்கற்கள். எதிரே டிவி திரையில் பன்னிரண்டு பந்தயக் கார்கள் உறுமிக்கொண்டு நிற்கும். பச்சை விளக்கு விழுந்ததும் பதினொன்று பறந்துவிடும். பன்னிரண்டாவது வண்டி டீச்சருடையது. அது கண்ணாடியைப் பார்த்துவிட்டு, பின்னால் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கிளம்பும்.

நான் இவருக்குக் கீழ் வீட்டுக்காரி. எனக்கு முதலில் அறிமுகமானது சத்தம்தான். தினமும் சாயங்காலம் என் தலைக்கு மேல் ஒரு கார் கிளம்பும், கியர் மாறும், எங்கோ போய் அடங்கும். ஒருநாள் சண்டைக்குத் தயாராகி மாடியேறினேன். கதவு திறந்தே இருந்தது. திரும்பிப் பார்க்காமலே, "உக்காரும்மா, இந்த வளைவு முடியட்டும்" என்றார். அந்த வளைவு முடிந்தது, அடுத்ததும் முடிந்தது, வந்த காரியம் எனக்கு மறந்துபோயிற்று. இப்போதெல்லாம் சத்தம் கேட்கவில்லையென்றால்தான் என்ன ஆயிற்றோ என்று மேலே போய்ப் பார்க்கிறேன்.

அவரிடம் நானும் கொஞ்ச நாள் கார் கற்றுக்கொண்டேன். தேறவில்லை. "உனக்கு ரோடு மேல பயமும் இல்ல, கோபமும் இல்ல, அக்கறையே இல்லம்மா. நீ பஸ்லயே போ" என்று கைகழுவிவிட்டார். அதற்காக எனக்கு அவர் மேல் வருத்தம் ஏதும் கிடையாது. பஸ் வசதியாகத்தான் இருக்கிறது.

டீச்சருக்கு நாற்பத்து நான்கு வயது. குள்ளம் என்பதால் வேலைக்குப் போகும்போது ஒரு குஷன் கூடவே போகும். ஓட்டுநர் பள்ளியின் காரில், கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து இருக்கைதான் அவருடைய இடம். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக்கும் கண்ணுக்கு நேரே தனியாக ஒரு கண்ணாடியும் உண்டு. காலையில் முதல் மாணவர் பள்ளிக்கு வந்து வண்டியை எடுப்பார். அவர் ஓட்டிக்கொண்டே போய் இரண்டாமவர் வீட்டு வாசலில் இறங்குவார். இரண்டாமவர் ஓட்டிக்கொண்டு மூன்றாமவர் வீட்டுக்குப் போவார். இப்படியே கைமாறிக் கைமாறி, சாயங்காலம் கடைசி மாணவர் வண்டியைப் பள்ளியிலேயே கொண்டுவந்து விடுவார். ஆக, நாள் முழுக்கக் காரில் இருக்கும் டீச்சர் காரை ஓட்டுவதே இல்லை. வீட்டிலும் கார் கிடையாது. கணவரின் ஸ்கூட்டர்தான். அதிலும் பின் இருக்கை.

ஓட்டாதவரின் ஓட்டும் பழக்கங்கள் வேறு வழிகளில் வெளிவந்துவிடுகின்றன. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியோடு சோப்பு வரிசையிலிருந்து பிஸ்கட் வரிசைக்குத் திரும்பும் முன் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்ப்பார். யாராவது திடீரென்று குறுக்கே வந்தால் கோபப்பட மாட்டார். "கண்ணாடி பாருங்க, கண்ணாடி" என்பார், வகுப்பில் சொல்கிற அதே குரலில். வீட்டில் தாளிக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வார். "மெதுவா... மெதுவா விடு... அவ்வளவுதான்." அடுப்பின் குமிழுக்கும் கிளட்சுக்கும் அவர் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை.

இந்த விளையாட்டுச் சாமான்கள் அவருடைய தம்பியுடையவை. வேறு ஊரில் வேலை கிடைத்துப் போகும்போது, கெடாமல் பார்த்துக்கொள் என்று அக்காவிடம் விட்டுப் போனான். "தூசி தட்டத்தாம்மா எடுத்தேன்" என்கிறார் டீச்சர். தட்டும்போது ஸ்டியரிங் கைக்குள் உட்கார்ந்துவிட்டதாம். அன்று இரவுச் சமையல் கணவர் பொறுப்பாயிற்று. அதற்குப் பிறகு பல நாள் அப்படித்தான்.

அந்த விளையாட்டு, காசு போட்டுக் கார் இடிக்கிற கடைச் சமாச்சாரம் அல்ல. நிஜத்தைப் போலவே நடந்துகொள்ள வேண்டும் என்று பிடிவாதமாகச் செய்யப்பட்டது. முதல் சுற்றில் டயர் குளிர்ந்திருக்கும், ரோட்டைப் பிடிக்காது. மழை பெய்தால் கார்கள் போன தடம் மட்டும் சீக்கிரம் காயும். பிரேக்கை வெடுக்கென்று மிதித்தால் சக்கரம் சிக்கிக்கொண்டு வண்டி நேராகப் போகும், நீங்கள் எவ்வளவு திருப்பினாலும் சரி. ஸ்டியரிங் கைக்குள் சன்னமாக நடுங்கிக்கொண்டே இருக்கும். டீச்சருக்கு அந்த நடுக்கத்தின் மேல்தான் காதல். "வழுக்கப் போறதுக்கு முன்னாடி லேசாயிடும் பாரு. நிஜ வண்டியும் அப்படித்தான் சொல்லும். நாமதான் காது குடுக்கிறதில்ல" என்று என் கையை இழுத்து ஸ்டியரிங் மேல் வைத்தார். எனக்கு மிக்ஸியைப் பிடித்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

அதற்காக விளையாட்டை அவர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதும் இல்லை. குறைகளைச் சொல்ல ஆரம்பித்தால் நாத்தனாரைப் பற்றிச் சொல்வது போல நீளும். மற்ற கார்கள் எறும்பு மாதிரி ஒரே கோட்டில் போகின்றன, அந்தக் கோட்டில் நாம் இருந்தால் இருக்கிறோம் என்றே பார்க்காமல் பின்னால் வந்து முட்டுகின்றன. விளையாட்டுக்குள்ளிருந்து ஒருவன் விடாமல் வேகமாகப் போ, வேகமாகப் போ என்கிறான். "இவனை என் பக்கத்துல உக்கார வெச்சா ஒரே நாள்ல அடக்கிடுவேன்." சுவரில் மோதினால் முன்பக்கம் கீறலோடு சரி, உள்ளே இருப்பவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆசையாக உட்காரும் நாளில், புதுசாக எதையோ டவுன்லோட் செய்துகொள்கிறேன் என்று திரையில் ஒரு சக்கரம் ராத்திரி வரை சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, உடம்புக்கு எதுவும் தெரியாதது. "வண்டிய இடுப்பாலதாம்மா ஓட்டணும். இதுல இடுப்பு சும்மா கெடக்கு."

மோசமான குறை வேறொன்று. டீச்சர் அதைக் குறை என்று சொன்னதில்லை. ஸ்டியரிங்கில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பட்டன் இருக்கிறது. தப்புச் செய்துவிட்டால் அதை அழுத்தலாம். படம் பின்னோக்கி ஓடும். மோதிய கார் சுவரிலிருந்து விலகி, வளைவுக்கு முன்னால் பழையபடி நிற்கும். ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓட்டலாம். டீச்சர் கட்டைவிரல் அந்தப் பட்டனுக்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

இத்தனை ஓட்டியும் அவர் எப்போதும் பன்னிரண்டாவதுதான் வருவார். அவர் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். மில்லிமீட்டர் பிசகினால் தூக்கம் வராத மனிதர். அவருக்கு இது தாங்கவில்லை. சட்டையை இஸ்திரி போட மேசை காலியாவதற்குக் காத்திருந்தபடியே என்னிடம் முறையிட்டார். "ஊருக்கே சொல்லிக் குடுக்குறா, வீட்ல கடைசியா வர்றா. வந்துட்டு சிரிக்கவேற செய்றா, பாருங்க."

எனக்கும் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. டீச்சர் மற்ற கார்களைப் பார்ப்பதே இல்லை. திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி. பிரேக் போட்டால் புள்ளி முன்னால் ஓடும், வளைத்தால் பக்கவாட்டில் சாயும். வண்டிக்குள் இருக்கிற ஆள் எவ்வளவு குலுங்குவார் என்பதற்கு அது கணக்கு. பந்தயக்காரர்கள் அந்தப் புள்ளியை வட்டத்தின் விளிம்புவரை விரட்டுவார்கள். டீச்சர் அதை நடுவிலேயே உட்கார வைக்கப் பார்க்கிறார். முந்நூறு கிலோமீட்டர் வேகத்துக்குச் செய்த காரை, தூங்கும் குழந்தையைத் தொட்டிலுக்கு மாற்றுகிற மாதிரி ஓட்டுகிறார். ஒரு முழுச் சுற்று புள்ளி அசையாமல் போய்விட்டால், அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பு.

காரணத்தை அவரே சொன்னார். ஒரு மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள். நாற்பத்தைந்து ஆகிவிட்டால் விண்ணப்பிக்கவே முடியாது, அவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. விண்ணப்பம் போட்டாயிற்று. ஓட்டிக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. நல்ல வேலையை விட்டுவிட்டு இது எதற்கு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "இருபது வருஷமா அடுத்தவங்க ஓட்டுறதையே பாத்துட்டு இருக்கேன். எனக்கு ஓட்டத் தெரியுமான்னே இப்ப சந்தேகமா இருக்கு. அங்க பக்கத்து சீட்ல நர்ஸ் உக்காருவாங்க. நான் இந்தப் பக்கம்."

ஓட்டிக் காட்டும் நாளன்று கணவருக்குக் கடையில் விடுப்பு கிடைக்கவில்லை. நான் துணைக்குப் போனேன். மருத்துவமனையின் பின்பக்க வளாகத்தில் ஒரு வெள்ளை வேன், சில பிளாஸ்டிக் கூம்புகள், மர நிழலில் எனக்கு ஒரு பெஞ்சு. போட்டிக்கு வந்த மற்ற நான்கு பேரும் ஆண்கள். வண்டிகளுக்குப் பொறுப்பானவர் அதிகம் பேசாதவர். சோதனை இதுதான்: வேனுக்குள் ஸ்ட்ரெச்சர் மேல் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய பேசின். கட்டிடங்களைச் சுற்றி வேகத்தடைகள் மேல் ஏறி இறங்கி வந்து, கடைசியில் கூம்புகளுக்கு நடுவே ரிவர்ஸில் வந்து நிறுத்த வேண்டும். தண்ணீரைக் கவனிக்க உள்ளே ஒரு நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அவர் முகமே அதைச் சொல்லியது. முதல் நான்கு பேரும் ஓட்டி முடித்தபோது நர்ஸின் செருப்பு நனைந்திருந்தது.

டீச்சர் பேரைக் கூப்பிட்டார்கள். நேராகப் போனார், கதவைத் திறந்தார், குஷனைப் போட்டு உட்கார்ந்தார், கதவைச் சாத்தினார். வேன் கிளம்பவில்லை. பொறுப்பாளர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "மேடம், யாரு ஓட்டப் போறா?" என்றார். டீச்சர் உட்கார்ந்திருந்தது பக்கத்து இருக்கையில். குஷனை எடுத்துக்கொண்டு இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் ஏறினார். அந்த நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் வண்டி நகர்ந்த விதம் வேறாக இருந்தது. கிளம்பியது எப்போது என்றே தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் டீச்சரின் உதடு அசைந்துகொண்டிருந்தது, தனக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். வேகத்தடைகளில் வேன் ஏறி இறங்கியது, குதிக்கவில்லை. ஒரு சுற்று முடிந்து பின்னால் வரும் கட்டம். பாதிவரை சரியாக வந்தது. பிறகு பின்பக்க முனை ஒரு கூம்பைத் தொட்டது. கூம்பு சாய்ந்தது. அதே நொடியில் பாம் என்று ஹார்ன் அலறியது. ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன.

பொறுப்பாளர் ஜன்னலருகே போனார். கூம்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. "ஹார்ன் எதுக்கு அடிச்சீங்க? பின்னால யாராவது வந்தாங்களா?" என்றார். தப்பிக்க வழியை அவரே காட்டிவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லித் தொலையுங்களேன் என்று நான் பெஞ்சில் இருந்தபடி மனசுக்குள் கத்தினேன். டீச்சர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார்.

"யாரும் வரல சார். வீட்ல வீடியோ கேம்ல ஓட்டிப் பழகினேன். அதுல இடிச்சிட்டா இங்க ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினா இடிக்கிறதுக்கு முன்னாடி போயிடலாம். விரல் அதைத் தேடிடுச்சு."

நான்கு பேரும் வாய்விட்டே சிரித்தார்கள். பொறுப்பாளர் சிரிக்கவில்லை. பின்கதவைத் திறந்து நர்ஸிடம் தண்ணீர் சிந்தியதா என்று கேட்டார். இல்லை என்று அவர் பேசினைக் காட்டினார். பொறுப்பாளர் விழுந்த கூம்பையும் பேசினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேசினை எடுத்துடுங்க சிஸ்டர். நீங்க படுத்துக்குங்க."

"சார், என் டியூட்டி முடிஞ்சிடுச்சு."

"படுக்கத்தானே சொல்றேன்."

பிறகு டீச்சரிடம், இப்போது உள்ளே ஆள் இருக்கிறது, வளாகத்தை மூன்று முறை சுற்றிவிட்டு வந்து நிறுத்துங்கள், இதற்கு மேல் வாய்ப்பு கிடையாது என்றார். டீச்சர் உள்ளங்கைகளை மடியில் துடைத்துக்கொண்டார்.

முதல் சுற்றில் வேன் என்னைக் கடந்தபோது அவருடைய உதடு அசையவில்லை. இரண்டாம் சுற்றிலும் அப்படியே. சிரித்தவர்களில் ஒருவர் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டு வேகத்தடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்று முடிந்து, வேன் ரிவர்ஸில் வந்து, கூம்புகளுக்கு நடுவே நின்றது. ஒரு கூம்பும் சாயவில்லை. இன்ஜின் அடங்கியது.

பொறுப்பாளர் பின்கதவைத் திறந்தார். டீச்சரும் இறங்கி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். ஸ்ட்ரெச்சரில் நர்ஸ் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஒரு கால் செருப்பு கழன்று கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. சீரான குறட்டை.

எழுப்புவதற்காகப் பொறுப்பாளர் கையை நீட்டினார். டீச்சர் உதட்டில் விரலை வைத்தார். பிறகு இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்து, சத்தம் வராமல், மெதுவாகச் சாத்தினார்.