ஒருவருக்கு மட்டும் கட்டிய சோறு

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர் என் கணவர். ஒருநாள், "ஆம்பளையா, பொம்பளையா, திருநங்கையான்னு எம் மனசு பாக்காது. ஆளத்தான் பாக்கும். அதுக்குப் பேரு பான்செக்ஷுவல்" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. மற்ற மனைவிகள் பெண்களை மட்டும் கண்காணித்தால் போதும். நான் ஊர் முழுவதையும் அல்லவா கண்காணிக்க வேண்டும்! வழக்கமாகப் படகில் போகிற எல்லோருக்கும் சோறு கட்டுகிற நான், மறுநாள் அவருக்கு மட்டும் கட்டினேன்.

டப்பா சின்னதாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஒனக்கு ஆம்பளைங்களத்தான பிடிக்கும்? கரையில நிக்கிற அத்தன பேரையுமா பிடிச்சிருக்கு?" என்றார்.

மீன் ஏலம் விடுகிற தரகரை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது பழையபடி எல்லோருக்கும் கட்டுகிறேன். மீன் குழம்பில் நடுத்துண்டு மட்டும் அவருக்கு. அதை யாருக்காவது எடுத்துக் கொடுத்தார் என்று தெரிந்தால், இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.