அமரர் எமில்ராஜ், கோல் காப்பாளர்

எமில்ராஜ் கையுறைகளைக் கழற்றி இடது அக்குளில் செருகிக்கொள்வார். தலையைத் தாழ்த்துவார். வலது பெருவிரல் மற்ற நான்கு விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு கணு, ஐந்து சுற்று. அறுபதாவது கணுவில் தலை நிமிரும். நடுவர் இன்னும் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

“றெபறி, முடிஞ்சுது. ஊதுங்கோ.”

குருநகரில் ஒவ்வொரு யூலையும் சுற்றுப்போட்டியின் முதல் ஆட்டத்துக்கு முன் இந்த மௌன அஞ்சலி நடக்கும். யாருக்கு அஞ்சலி என்றால், எமில்ராஜுக்குத்தான்.

இரண்டாயிரத்து மூன்று மாசியில் தனியாகக் கடலுக்குப் போனவரின் எஞ்சின் நின்றுவிட்டது. நீரோட்டம் படகை வடக்கே இழுத்துக்கொண்டு போனது. ஒரிசாக் கரையில் யாரோ தூக்கிப் போட, பேச்சும் விளங்காமல் கடதாசியும் இல்லாமல் மறியலில் அடைபட்டுக் கிடந்தார். இங்கே படகுகள் தேடின, ஓய்ந்தன. கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். அவருடைய நங்கூரம் விளையாட்டுக் கழகம் யூலையில் ஒரு வெள்ளிக் கிண்ணம் செய்து, ‘அமரர் எமில்ராஜ் ஞாபகார்த்தச் சுற்றுக்கிண்ணம்’ என்று எழுத்து வெட்டி, போட்டியையும் நடத்தி முடித்தது. இறுதியாட்டம் முடிந்து பதினோராம் நாள், பஸ் நிலையத்திலிருந்து செருப்பில்லாமல் ஆள் நடந்து வந்தார். கிண்ணத்தைப் பற்றிச் சொன்னார்கள்.

“ஆர் வெண்டது?”

“கொழும்புத்துறை.”

“நான் இல்லாட்டி உப்பிடித்தான்.”

போட்டி நிற்கவில்லை. “வெள்ளியிலை வெட்டின எழுத்து அண்ணை, அழிக்கப் போனால் கிண்ணம் ஓட்டையாப் போகும்” என்று கழகச் செயலாளர் கனிசியஸ் சொல்லிவிட்டார். இப்போது அஞ்சலியில் கழகத்தின் மற்ற இறந்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் பட்டியல் எமில்ராஜில்தான் தொடங்கும்.

நாற்பத்துமூன்று வயது. ஐஸ் தொழிற்சாலையில் வேலை. ஈரப் பலகையில் சறுக்கி வரும் ஐஸ் பாளங்களை நிறுத்தித் திருப்பி லொறிப் பக்கம் தள்ளிவிடுவது அவர் பொறுப்பு. “எட்டிப் பிடிக்கப் போகாதை. வாற இடத்திலை கையை வை, அது தானா நிக்கும்” என்பார். பந்துக்கும் அதே விதிதான். முழங்காலில் எண்ணெய் மணக்கும். எதிரணி வீரனின் காலடியில் தலையைக் கொண்டுபோய்ப் போடுவதைப் பார்த்துப் பின்வரிசைக்காரர்கள் பதறினால், “நான் ஒருக்காச் செத்தவன் அடா, எனக்கென்ன!” என்பார். வெளியூர் ஆட்களுக்கு அவர் ஒரு கொண்டாட்டம். “ஆவி நிக்குது, பாத்து அடி!” என்று கத்துவார்கள். கையைத் தூக்கி வணக்கம் வைப்பார்.

சிரிக்காத ஒரே ஆள் அவருடைய மனைவி ஜெசிதா. கலியாணமாகி ஐந்தாம் மாதம் அவர் காணாமற் போனார். திரும்பி வந்த கிழமையே, “இனிக் கடலுக்குப் போறதெண்டால் என்னையும் ஏத்திக்கொண்டு போங்கோ” என்றார் ஜெசிதா. அதோடு கடல் போயிற்று, ஐஸ் வந்தது. வெல்கிற அணியின் தலைவர் கிண்ணத்தை ஒரு வருடம் தன் வீட்டில் வைத்திருப்பது வழக்கம். அதைப் பற்றியும் ஜெசிதாவிடம் ஒரே பேச்சுத்தான்: “அந்தச் சொல்லோடை அது என்ரை வாசல்படி ஏறாது.”

அணித் தலைவரான எமில்ராஜின் ஆசையோ அந்தக் கிண்ணம் ஒன்றுதான். மூன்று முறை இறுதியாட்டம் வரை கொண்டுபோய் மூன்றிலும் தோற்றார். தோற்ற மூன்று நாளும் வீட்டில் நண்டுக்கறி. “தோத்ததுக்கு விருந்து வைக்கிற பெண்சாதி எனக்குத்தான் வாய்ச்சிருக்கு” என்று தொழிற்சாலையில் சொல்லித் திரிந்தார். இந்த வருடத்தோடு முழங்கால் சரிவராது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆகவே இதுதான் கடைசி.

இறுதியாட்டம் கொழும்புத்துறை விண்மீன் அணியோடு. ஒன்றுக்கு ஒன்று; பெனால்ரி. நங்கூரம் ஐந்தையும் அடித்து நாலு போட்டுவிட்டது. விண்மீனுக்கு மூன்று. கடைசி உதைக்கு றமேஸ் வந்தான். ஒல்லிப் பெடியன், இடது காலன்.

“பேய் பாயமுதல் அடியடா!” என்று விண்மீன் பக்கமிருந்து கத்தினார்கள்.

எமில்ராஜ் பாயவேயில்லை. நின்ற இடத்தில் நின்றார். பந்து நெஞ்சில் பட்டு, இரண்டு கைக்குள்ளும் அடங்கியது. ஓடிவந்து விழுந்தவர்களுக்கு அடியிலிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது: “செத்தவன் எப்பிடி நிப்பான்? அப்பிடியே நிண்டனான்!”

ஒலிபெருக்கி வீடுவரை கேட்டிருக்க வேண்டும். கிண்ணம் கொடுத்து முடிகிற நேரம் ஜெசிதா கோயில் மதிலோரம் வந்து நின்றார். எமில்ராஜ் கிண்ணத்தோடு நேரே அங்கே நொண்டிக்கொண்டு போனார். கூட்டம் விலகியது.

“ஒரு வருசந்தான் ஜெசி.”

“இதிலை என்ன எழுதிக்கிடக்கெண்டு வாசிச்சனீங்களோ?”

“இருவது வருசமா வாசிக்கிறன்.”

“பகிடி வேண்டாம்.”

“பகிடியில்லை. நான் உயிரோடை வெண்டது உம்மடை கையிலை தரத்தான்.”

ஜெசிதா கொஞ்ச நேரம் அவருடைய முழங்காலையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார். படம் பிடிக்க வந்தவனிடம், “பொறு தம்பி” என்று சொல்லி, கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, “இப்ப எடு” என்றார். அந்தப் படம் கழக அறையில் தொங்குகிறது. ஜெசிதாவின் பெருவிரல் முதற் சொல்லை முழுதாக மறைத்திருக்கிறது. மீதி எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன.

அவர் மொத்தம் எத்தனை பருவம் விளையாடினார் என்று அறியக் கழகத்தின் பதிவேட்டைப் புரட்டியபோது இன்னொன்று தெரியவந்தது. ஆண்டுதோறும் சித்திரையில் வீரர்கள் தங்கள் பெயருக்கு நேரே தாங்களே கையெழுத்திட வேண்டும். எமில்ராஜின் கையெழுத்து தூண்டில் முள்ளைப் போல் ஒரு கீறல். இரண்டாயிரத்து மூன்று சித்திரையில் அவர் காணாமற்போய் இரண்டு மாதம். பூசை முடிந்து, கிண்ணத்துக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அந்தப் பக்கத்திலும் முதலாம் இலக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. நேரே கீறல் இல்லை. வட்டமான, நிதானமான எழுத்தில் ‘ஜெசிதா எமில்ராஜ்’. குறிப்பு என்ற கட்டத்தில் அதே எழுத்தில் இரண்டு சொற்கள்: ஆள் வருவார்.