அத்தை வேண்டாமென்ற வரிவிலக்கு

வருடக்கணக்காக வெளிநாடுகளில் சுற்றிவிட்டு நான் அத்தை வீட்டுக்கு வந்தபோது, முன்னறையில் கார் இருக்கைகள் குவிந்து கிடந்தன. நடுவில் இரண்டு தையல் மிஷின்கள். வீடெங்கும் ரெக்சின் வாடை. சீட் கவர் தைப்பதில் எங்கள் அத்தையை அடித்துக்கொள்ள ஆளில்லை. டாக்சிக்காரர்கள் "சீட்டக்கா வீடு எது?" என்றுதான் விசாரித்து வருவார்கள்.

மாமா இறந்த வருடம் அந்த வீட்டுக்குச் சொத்துவரி விலக்கு கிடைத்தது. அலைந்து வாங்கியவர் என் அப்பா, அத்தையின் அண்ணன். அன்றிலிருந்து வரி அறிவிப்பில் வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் 'ஆதரவற்றவர்' என்று அச்சாகி வரும். அத்தை அதைப் படிக்காமலே மடித்து வைப்பாள்.

வீட்டில் தொழில் நடந்தால் வரி ஏறும். அதனால் வரி அதிகாரி வீடுகளை அளக்க வரும் அன்று அந்தத் தெருக் கடைகளெல்லாம் படுக்கையறைகளாகிவிடும். சலூன்காரர் சுழல் நாற்காலியில் தலையணை வைத்து, "அப்பாவுக்கு முதுகுவலி சார்" என்பார். இந்த முறை என் அப்பாவும் காலையிலேயே வந்து, மிஷின்களைப் போர்வையால் மூடிக் கட்டிலை இழுத்துப் போட்டார்.

"கொஞ்ச நேரம் படுத்து இருமு, போதும்."

"நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"பேசினா கெடுத்துடுவே. அதுக்குத்தான் இருமச் சொல்றேன்."

அதிகாரி உள்ளே வந்ததும் அத்தை மிஷின்கள் மேலிருந்த போர்வையை உருவினாள். "இது கடை சார். எழுதிக்குங்க."

"அவளுக்கு உடம்பு சரியில்ல சார், உளர்றா!" என்றார் அப்பா.

அதிகாரி சிரித்துவிட்டார். "இந்தத் தெருவுலயே முதல் கடை இதாம்மா. மத்த வீட்டுல எல்லாரும் படுத்திருக்காங்க." பிறகு அவரே இறங்கிவந்தார். "முன்னறைக்கு மட்டும் வரி போடறேன். நீங்க குடியிருக்கற பின்பக்கத்துக்கு விலக்கு இருக்கட்டும்."

"அதே ஆதரவற்றவர்னுதான் அச்சாகி வருமா?"

"ஆமா."

"அப்ப அதுவும் வேணாம். ரெண்டு பொண்ணுங்களுக்குச் சம்பளம் குடுக்கறேன் சார். அந்த வார்த்தையை எடுத்துடுங்க."

"கைக்கு வந்ததை யாராவது தூக்கிக் குடுப்பாங்களா, பைத்தியக்காரி!" என்று கத்தினார் அப்பா.

அத்தையின் குரல் தணிந்தது. "நீ வாங்கிக் குடுத்தது தப்பில்லண்ணே. அன்னைக்கு அது இல்லன்னா நான் தெருவுல நின்னிருப்பேன். இப்ப வேணாம்."

அப்பா தங்கையை நிமிர்ந்து பார்த்தார், கண்ணில் கோபமில்லை. எனக்கோ கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அதிகாரி டேப்பை நீட்டினார். அத்தை மறுமுனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்தாள். தைக்கிறவள் கை, துளி தொய்வில்லை.

"அந்த மூலையையும் விட்டுடாதீங்க சார். அடுத்த மாசம் அங்க மூணாவது மிஷின் வருது."